பெட்டி தூக்கியதில் வயிறு வீங்கிவிட்டது, "வீட்டில் நடந்தது" என்று எழுதிக் கொடுக்கலாமா?

கேள்வி: கிடங்கில் வேலை பார்க்கிறேன். அன்றைக்கு ஆள் குறைவு, 60 கிலோ பெட்டியைத் தனியாகத் தூக்கினேன். அடிவயிற்றில் சுருக்கென்று பிடித்தது, மறுநாள் வீங்கிவிட்டது. மருத்துவர் தசைப்பிடிப்பு என்று மாத்திரை கொடுத்தார். வீட்டில் நடந்ததாக எழுதிக் கையெழுத்துப் போட்டால் சம்பளத்தோடு விடுப்பு தருவதாக நிர்வாகம் சொல்கிறது. போடலாமா?

பதில்: போடாதீர்கள். சில நாள் விடுப்புக்காக மொத்த உரிமையையும் எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். இன்றைக்குத் தசைப்பிடிப்பு என்று சொல்வது நாளைக்குக் குடலிறக்கம் (ஹெர்னியா, வயிற்றுத் தசையின் பலவீனமான இடத்தில் குடல் பிதுங்குவது) என்று தெரியவந்து, அறுவை சிகிச்சை, வேலைக்குப் போக முடியாத வாரங்கள் என்று வளர்ந்தால் அந்தக் காகிதத்தைத்தான் முதலில் உங்கள் முன்னால் நீட்டுவார்கள்.

முதலில் உடம்பைப் பாருங்கள். இருமும்போது புடைத்து, படுத்தால் உள்ளே போகிற வீக்கம் என்றால் அறுவை சிகிச்சை நிபுணரிடம் காட்டுங்கள். உள்ளே போகாமல் கெட்டியாகி, வலி கூடி, வாந்தியும் வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது, உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

அப்புறம் அந்த மருத்துவச் சீட்டை எடுத்துப் பாருங்கள். "வயிற்று வலி, 2 நாள்" என்று மட்டும் இருக்கிறதா? இந்த மாதிரி வழக்குகள் அந்த ஒரு வரியாலேயே தோற்றுப்போகலாம். பழைய சீட்டைத் திருத்தச் சொல்லாதீர்கள், அது வேறு வம்பு. திரும்பப் போய், எந்தத் தேதியில் எந்த எடையைத் தூக்கும்போது வலி வந்தது என்று சொல்லிப் புதிதாகப் பதியச் சொல்லுங்கள். நிர்வாகத்துக்கும் இன்றே எழுத்தில் தெரிவியுங்கள். வாயால் மேற்பார்வையாளரிடம் சொன்னது போதாது. பெட்டியின் மேல் அச்சிட்ட எடையைப் படம் எடுங்கள், பக்கத்தில் நின்றவர்கள் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள், கேமரா பதிவை அழிக்காமல் வைக்கும்படி அதே கடிதத்திலேயே கேளுங்கள்.

"விழவில்லை, அடிபடவில்லை, இது எப்படி விபத்து?" என்று கேட்பார்கள். இது நூறு வருடத்துக்கு முன்பே தீர்ந்த கேள்வி. 1903-ல் ஃபென்டன் வழக்கில், இயந்திரச் சக்கரத்தை முழு பலத்தோடு திருப்பியபோது குடலிறக்கம் வந்த தொழிலாளிக்கு ஏற்பட்டது விபத்துதான் என்று அப்போது இறுதி மேல்முறையீட்டு மன்றமாகவும் இருந்த இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை சொல்லிவிட்டது. "உங்களுக்கு ஏற்கெனவே பலவீனம் இருந்தது" என்பார்கள். அதற்கும் 1910-ல் அதே சபை பதில் சொல்லியிருக்கிறது: நோய் இருந்த உடம்பாக இருந்தாலும், வேலையின் சிரமம் அந்தப் பாதிப்புக்குக் காரணமானால் அது பணி விபத்துதான். பிரிட்டிஷ் சட்ட மரபில் வந்த நாடுகளின் இழப்பீட்டுச் சட்டங்களில் இந்தக் கருத்து இன்றும் எடுபடும். இழப்பீட்டுச் சட்டத்தில் பொதுவாக முதலாளி மேல் தப்பு என்று நிரூபிக்க வேண்டியதும் இல்லை, வேலையின்போது, வேலையால் வந்தது என்றால் போதும்.

எடை விஷயத்தையும் விடாதீர்கள். ஆண் தொழிலாளி கையால் தூக்குவதற்கு 55 கிலோவைத்தான் மேல்வரம்பாகச் சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1967 பரிந்துரை வைத்தது. அது பரிந்துரைதான், கட்டாயச் சட்டம் இல்லை, ஆனாலும் உங்கள் கடிதத்தில் இருக்கட்டும்.

கோரிக்கை தாக்கல் செய்யக் காலக்கெடு உண்டு, நாட்டுக்கு நாடு மாறும். அந்தக் காகிதத்தை அவர்கள் மறுபடி நீட்டினால் கிழிக்காதீர்கள், ஒரு நகல் வாங்கிக்கொண்டு உள்ளூர் தொழிலாளர் வழக்கறிஞரிடம் இந்த வாரமே போங்கள்.