வாசகர் கேள்வி: காப்புறுதி போய்விட்டது, மனச்சோர்வுக்கு எங்கே காட்டுவது?

கேள்வி: என் கணவருக்கு 47 வயது. புறக்கோட்டையில் ஒரு இறக்குமதி நிறுவனத்தில் 15 வருடம் கணக்குப் பிரிவில் வேலை செய்தார். சென்ற மாசியில் ஆட்குறைப்பில் அந்த உத்தியோகம் போனது. நிறுவனம் எடுத்துத் தந்திருந்த மருத்துவக் காப்புறுதியும் அதோடு முடிந்துவிட்டது. மூன்று மாதமாக அவர் இரவு 3 மணிக்கு எழுந்து இருட்டில் கதிரையில் உட்கார்ந்திருக்கிறார். சாப்பாட்டில் விருப்பமில்லை, பிள்ளைகளோடு கதைப்பதில்லை. "நான் இருந்து ஆருக்கு என்ன பிரயோசனம்" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டார். தனியார் வைத்தியசாலை ஒன்றில் ஒருமுறை சனல் பண்ணி, அதாவது கட்டணம் கட்டி நேரம் பதிந்து, வைத்தியரிடம் காட்டினோம். மனச்சோர்வு என்று சொல்லி மருந்து எழுதினார்கள். மாதாமாதம் சனலுக்கும் மருந்துக்கும் செலவழிக்க எங்களிடம் வழியில்லை. ஜேர்மனியில் உள்ள என் தம்பி, அங்கே காப்புறுதி அட்டையைக் காட்டினால் போதும் என்கிறான். இங்கே இலங்கையில் அப்படி அரசாங்கக் காப்புறுதி ஏதும் இருக்கிறதா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, வெள்ளவத்தை

பதில்: சகோதரி, காப்புறுதிக்கு வருமுன் உங்கள் கடிதத்திலுள்ள ஒரு வசனத்துக்கு மறுமொழி சொல்லியாக வேண்டும். "நான் இருந்து ஆருக்கு என்ன பிரயோசனம்" என்று ஒருவர் சொன்னால், அது அலுப்பில் வந்த பேச்சு என்று விட்டுவிடக் கூடாது. இன்றிரவே, பிள்ளைகள் படுத்த பிறகு, அவருக்குப் பக்கத்தில் இருந்து, "சாக வேண்டும் என்று நினைப்பு வருகிறதா?" என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாங்களே ஊட்டிவிடுவோமோ என்ற பயம் பலருக்கும் உண்டு. அந்தப் பயம் தேவையற்றது. கேட்டதும் மனம் இறங்கி அழுதவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆம் என்றால் அவரைத் தனியே விடாதீர்கள். வீட்டிலுள்ள குளிசைகளையும் பூச்சிமருந்தையும் எடுத்து ஒளித்துவையுங்கள். எந்த நேரமானாலும் அருகிலுள்ள அரச வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தில் இரவு பகல் எந்நேரமும் தமிழிலும் கதைக்கலாம். தற்கொலைக்கு முயல்வது 1998 முதல் இந்நாட்டில் குற்றமல்ல. ஆகவே பொலிஸ், வழக்கு என்று பயந்து வீட்டுக்குள் மறைத்துவைக்க வேண்டிய காரணமும் இல்லை.

இனிக் காப்புறுதி. உங்கள் தம்பி சொன்னது சரிதான். ஜேர்மனியில் வேலை செய்பவரின் சம்பளத்திலிருந்தும் முதலாளியிடமிருந்தும் பொதுக் காப்புறுதிக்குச் சந்தா போகிறது. குடும்ப வைத்தியரின் கடிதம் இல்லாமலே உளச்சிகிச்சையாளர் ஒருவரிடம் முதல் ஆலோசனைக்குப் போகலாம். 116117 என்ற இலக்கம் அந்தச் சந்திப்புக்கு நேரம் தேடித் தரும். ஆனாலும் தொடர் சிகிச்சைக்கு இடம் கிடைக்க அங்கேயும் மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு.

எங்கள் நாட்டு ஏற்பாடு வேறு. இங்கே எல்லோருக்குமான அரச மருத்துவக் காப்புறுதி என்று ஒன்று கிடையாது. அதற்குப் பதிலாக, நாம் கடையில் வாங்கும் பால்மா முதல் எல்லாவற்றிலும் கட்டுகிற வரிப்பணத்தில் அரச வைத்தியசாலைகள் நடக்கின்றன. 1951இல் கட்டணம் நீக்கப்பட்ட காலத்திலிருந்து இலவச மருத்துவம் என்பது எங்கள் வாழ்க்கையோடு ஒட்டிப்போன ஒன்று. நெஞ்சுவலிக்கும் பிரசவத்துக்கும் தயங்காமல் அங்கே போகிற நாங்கள், மனச்சோர்வுக்கு மட்டும் கடன்பட்டுத் தனியாரிடம் போகிறோம். உங்கள் கணவருக்கு வேண்டிய வைத்தியர், மருந்து, இரத்தப் பரிசோதனை, தொடர் கிளினிக் யாவும் அட்டையோ சந்தாவோ இல்லாமல் அரச வைத்தியசாலையில் கிடைக்கும். போன காப்புறுதிக்காக நீங்கள் அதிகம் வருந்தவும் வேண்டாம்: பல நிறுவனக் காப்புறுதி ஒப்பந்தங்களில், விலக்குகள் என்ற பகுதியில் மனநோய்கள் என்று ஒரு வரி இருக்கும். பழைய பத்திரம் வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள்.

வெள்ளவத்தையிலிருந்து உங்களுக்குக் கிட்டியது களுபோவிலையிலுள்ள கொழும்பு தெற்குப் போதனா வைத்தியசாலை. கொழும்பு தேசிய வைத்தியசாலையும் தூரமில்லை. இரண்டிலும் மனநலப் பிரிவு உண்டு. காலையில் வெளிநோயாளர் பிரிவில் துண்டு எடுத்து, அங்குள்ள வைத்தியரிடம் இந்த மூன்று மாத விபரத்தைச் சொன்னால், மனநலக் கிளினிக்குக்கு எழுதித் தருவார். தனியாரிடம் எழுதிய மருந்துச் சீட்டையும், மீதமுள்ள குளிசைகளை அவற்றின் அட்டையோடும் கொண்டு போங்கள். என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம், எத்தனை நாள் என்பதை வைத்தியர் அதிலிருந்துதான் அறிவார். மனச்சோர்வு போலவே தோன்றுகிற தைரொயிட் குறைபாடும் இரத்தச்சோகையும் உள்ளதால் இரத்தம் சோதிக்கச் சொன்னால் மறுக்காதீர்கள்.

அங்கொடையில் உள்ள தேசிய மனநல நிறுவகத்திலும் வெளிநோயாளர் பிரிவு இருக்கிறது. அந்த ஊரின் பெயரைக் கேட்டதும் உங்கள் முகம் மாறியிருக்கும் என்று எனக்குத் தெரியும். "விசர் ஆஸ்பத்திரி" என்றும், "உன்னை அங்கொடைக்குத்தான் அனுப்ப வேணும்" என்றும் நாங்கள் சிறுவயதிலிருந்து விளையாட்டாகச் சொல்லிச் சொல்லியே, நோய் வந்த ஒருவர் அந்த வாசலில் கால்வைக்க முடியாதபடி செய்துவிட்டோம். அங்கே வெளிநோயாளராகக் காட்டிவிட்டு அன்றே வீடு திரும்புகிறவர்கள் ஏராளம். காட்டப் போனால் பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள் என்பது வெறும் பயம்.

பல வருடம் ஒரு அரச மனநலக் கிளினிக்கில் தாதியாகக் கடமையாற்றியவள் என்ற முறையில், அந்தக் காலைநேரம் எப்படியிருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். தெரிந்துகொண்டு போனால் பாதி மிரட்சி குறையும். 7 மணிக்கே வாங்குகள் நிறைந்துவிடும். கையில் பொலித்தீன் உறைக்குள் வைத்த கிளினிக் கொப்பி, அதன் மேல் மடித்த நம்பர் துண்டு. முதல்நாள் வருகிறவர் பெரும்பாலும் வாசலுக்குக் கிட்ட, தலையைக் குனிந்துகொண்டு, தெரிந்தவர் எவரும் கண்டுவிடக் கூடாது என்று இருப்பார். முதல்நாள் வைத்தியர் விரிவாகக் கேட்பார். அதன் பிறகு ஒவ்வொரு முறையும் கிடைப்பது சில நிமிடங்கள்தான். இதுதான் அரச கிளினிக்கின் பெரிய குறை என்று நான் கருதுகிறேன்: மருந்து கிடைக்கும், மனம்விட்டுக் கதைக்கும் நேரம் கிடைப்பது அரிது. உளவளத்துணை (கவுன்சலிங்) வேண்டும் என்று நீங்களே வாய்திறந்து கேளுங்கள். கேட்பவருக்கு எழுதிக் கொடுப்பார்கள். கிளினிக் நாட்களுக்கு இடையில் ஆறுதலாகக் கதைக்க 1333 என்ற இலவசத் தொலைபேசி ஆலோசனைச் சேவை உண்டு. மனம் நொந்தவர்களின் கதையைக் கேட்டு ஆறுதல் தரும் தொண்டு அமைப்பான சுமித்ரயோ 1974 முதல் இயங்குகிறது, அதுவும் பணம் வாங்காது.

கடைசியில் மருந்து ஜன்னல். குளிசைகளைச் சிறிய கடதாசி உறையில் போட்டு, வேளையை அதன் மேல் பேனையால் எழுதித் தருவார்கள். அது பெரும்பாலும் சிங்களத்தில் இருக்கும். வாசிக்கத் தெரியாமல், வரிசை நகர்கிறதே என்று வெட்கப்பட்டு, உறையை வாங்கிக்கொண்டு வந்து, இரவுக் குளிசையைக் காலையில் போட்டு நாள் முழுவதும் தூங்கி வழிந்தவர்களை எனக்குத் தெரியும். ஜன்னலிலேயே நின்று கேளுங்கள். காலைக்கு ஒரு சூரியன், இரவுக்கு ஒரு பிறை என்று நீங்களே கீறிக்கொண்டாலும் போதும். வைத்தியரோடு கதைக்க மொழி தடையாக இருந்தால் தமிழ் தெரிந்த தாதியையோ வைத்தியரையோ கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. அரச அலுவலரிடம் தமிழில் கருமமாற்றும் உரிமையை அரசியலமைப்பின் 4ஆம் அத்தியாயம் தந்திருக்கிறது. மகனையோ மகளையோ மொழிபெயர்ப்பாளராகக் கூட்டிப் போக வேண்டாம். சாக நினைத்ததைத் தன் பிள்ளையின் வாயால் எந்தத் தகப்பனும் சொல்ல மாட்டார்.

2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு, குறித்த மருந்து கையிருப்பில் இல்லை, வெளியே வாங்குங்கள் என்று துண்டு எழுதித் தரும் நாளும் வரலாம். அப்படியானால் அதே வைத்தியரிடம் திரும்பிப் போய், வைத்தியசாலையில் இருக்கும் வேறு மருந்துக்கு மாற்ற முடியுமா என்று முதலில் கேளுங்கள். முடியாவிட்டால் அரச மருந்துக்கடையான ஒசுசலவில் விலை விசாரியுங்கள். மருந்தின் வர்த்தகப் பெயரை விட்டுவிட்டு மூலப்பெயரை (generic name) சொல்லிக் கேட்டால் பல வேளைகளில் விலை நன்றாகக் குறையும்.

கேள்வி: நான் அரச பாடசாலை ஆசிரியை. சம்பளத்தில் அரச ஊழியர்களுக்கான அக்ரஹார மருத்துவக் காப்புறுதிக்குக் கழிக்கிறார்கள். மனநல வைத்தியரை மாதாமாதம் சனல் பண்ணுவதற்கு அதில் பணம் கோரலாமா? கோரினால் அதிபருக்குத் தெரியவருமா?
– வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: அக்ரஹார முக்கியமாக வைத்தியசாலையில் தங்கிப் பெறும் சிகிச்சை, சத்திரசிகிச்சை, பிரசவம், மூக்குக்கண்ணாடி போன்றவற்றை மையமாக வைத்த ஏற்பாடு. மாதாந்தச் சனல் கட்டணத்துக்கு அதை நம்பிக் கணக்குப் போட வேண்டாம். என்றாவது விடுதியில் தங்கிச் சிகிச்சை பெற நேர்ந்தால், உங்கள் திட்டத்தில் அது அடங்குகிறதா என்பதை, அக்ரஹாரவை நடத்தும் தேசிய காப்புறுதி நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்திடம் நேரடியாகக் கேட்டு, முடிந்தால் எழுத்தில் வாங்கிவையுங்கள்.

இரண்டாவது கேள்விதான் உங்களை உறுத்துகிறது என்று நினைக்கிறேன். கோரிக்கைப் படிவங்கள் அலுவலகத்தின் வழியே போகிறபோது நாலு பேர் கண்ணில் படும் என்ற அச்சம் நியாயமானது. அரச கிளினிக்கில் இந்தச் சிக்கலே இல்லை: எந்தப் படிவத்தையும் நீங்கள் பாடசாலைக்கு அனுப்ப வேண்டியதில்லை, கொப்பி உங்கள் கையில்தான் இருக்கும். லீவுக்கு மருத்துவச் சான்றிதழ் தேவைப்பட்டால், நோயின் பெயரை எப்படி எழுதுவது என்று வைத்தியரோடு முதலிலேயே கதையுங்கள்.

கேள்வி: கிளினிக்கில் மனச்சோர்வுக்குப் புளுஒக்செற்றின் என்ற மருந்து தந்து 10 நாளாகிறது. குமட்டலும் தலையிடியும்தான் மிச்சம். சோர்வு குறையவில்லை. நிறுத்திவிடலாமா?
– வாசகர், தெகிவளை

பதில்: தயவுசெய்து நிறுத்தாதீர்கள். இம்மருந்தின் பக்கவிளைவு முதல் வாரத்திலேயே வந்துவிடும், பலனோ 2 முதல் 4 வாரம் கழித்தே தெரியத் தொடங்கும்; மருந்தைக் கைவிடுகிறவர்களில் பலர் இந்த இடைவெளியில்தான் கைவிடுகிறார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு குடித்தால் குமட்டல் தணியும், பெரும்பாலும் இரண்டொரு வாரத்தில் அது தானாகவே போய்விடும். ஆனால் இருப்புக்கொள்ளாத பதற்றமோ, சாகும் எண்ணமோ புதிதாக வந்தால், குறிப்பாக 25 வயதுக்குக் குறைந்தவராக இருந்தால், கிளினிக் நாளுக்குக் காத்திராமல் அன்றே போங்கள். குடிப்பழக்கம் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். மது மனச்சோர்வைக் கூட்டும்.

சுகமான பிறகும் குறைந்தது 6 மாதமாவது மருந்தைத் தொடரச் சொல்வார்கள். நிறுத்தும் காலம் வரும்போது அளவைப் படிப்படியாகக் குறைப்பது வைத்தியரின் வேலை. அதுவரை, ஒவ்வொரு கிளினிக் நாளிலும் அடுத்த திகதியைக் கொப்பியில் எழுதி வாங்காமல் எழும்பாதீர்கள். திகதி தவறிப்போனாலும் ஏசுவார்களே என்று ஒதுங்கிவிடாமல், குளிசை முடிவதற்கு முதல் கொப்பியோடு போய் வரிசையில் நில்லுங்கள்.