தட்டையான பின்தலைக்குத் தொடு சிகிச்சை தேவையா?

உங்கள் நான்கு மாதக் குழந்தையின் பின்தலை வலப்புறம் தட்டையாக இருப்பதற்காக, தலையில் மெல்லக் கை வைக்கும் கிரேனியோசேக்ரல் சிகிச்சைக்குக் கும்பகோணத்திலிருந்து தஞ்சைக்கு வாரந்தோறும் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அலைய வேண்டியதில்லை. 1970களில் அமெரிக்க ஆஸ்டியோபதி (எலும்பு, தசைகளைக் கையால் சீராக்க முயலும் முறை) மருத்துவர் ஜான் அப்லெட்ஜர் வளர்த்தெடுத்த அம்முறையில் ஏறத்தாழ 5 கிராம் எடையளவு அழுத்தமே தரப்படுகிறது. அது குழந்தையை அமைதிப்படுத்தலாம், ஆனால் தலையின் வடிவத்தைத் திருத்தும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை.

குழந்தை எப்போதும் வலப்பக்கமே திரும்பிப் படுக்கிறது என்கிறீர்கள். கழுத்துத் தசை ஒருபுறம் இறுகியிருக்கக்கூடும்.

விழித்திருக்கும்போது பாயில் மல்லாக்கக் கிடத்தி, கிலுகிலுப்பையை வலமிருந்து இடமாக மெல்ல நகர்த்துங்கள். கண் தொடர்ந்து வந்தும் முகவாய் இடத்தோளை நோக்கித் திரும்பாமல் பாதியில் நின்றால், குழந்தைகளுக்கான பிசியோதெரபிஸ்டிடம் கழுத்துப் பயிற்சி கேட்டறியுங்கள். தடையின்றித் திரும்பினால், விழித்திருக்கும் நேரத்தில் உங்கள் கண்ணெதிரே அடிக்கடி குப்புறக் கிடத்துவதே பெரும்பாலும் போதும். கடுகுத் தலையணை வேண்டாம். பாட்டி குளிப்பாட்டும்போது தலையை உருட்டிப் பிடிப்பதையும் (அவர் மனம் நோகாமல் சொல்வது உங்கள் சாமர்த்தியம்) நிறுத்திவிடுங்கள்.

மண்டை எலும்புகள் சேரும் பொருத்துகளின் மேல் மேடு தட்டுப்பட்டாலோ, தலைச் சுற்றளவு வளராமல் நின்றாலோ, பொருத்துகள் முன்கூட்டியே இணைந்திருக்கலாம். தஞ்சை இராசா மிராசுதார் அரசு மருத்துவமனையில் குழந்தை மருத்துவரிடம் காட்டும்வரை எவரையும் தலையில் கை வைக்க விடாதீர்கள். குழந்தை அழாதபோதும் உச்சிக்குழி புடைத்திருந்தால், அன்றே கொண்டு செல்லுங்கள்.