ஹீட்டிங் ஆயில் பில்லில் 8.875% வரி: கட்டத்தான் வேண்டுமா?

கேள்வி: நியூயார்க் குயின்ஸில் போன வருடம் வீடு வாங்கினோம். கீழ்த்தளத்தில் முன்பு கடை இருந்ததாம், இப்போது முழுக்க நாங்கள்தான் குடியிருக்கிறோம். பழைய உரிமையாளருக்கு ஹீட்டிங் ஆயில் (குளிருக்கு வீட்டைச் சூடாக்க எரிக்கும் எண்ணெய்) போட்ட டீலரிடமே வாங்குகிறோம். பில்லில் 8.875% விற்பனை வரி. கனெக்டிகட்டில் இருக்கும் தங்கை வரியே கட்டுவதில்லை என்கிறாள். எப்படி?

பதில்: தங்கை சொல்வது சரிதான், கனெக்டிகட்டில் வீட்டைச் சூடாக்கும் எரிபொருளுக்கு விற்பனை வரி கிடையாது. உங்களுக்கு வரி உண்டு, ஆனால் இவ்வளவு இல்லை.

அந்த 8.875-ஐப் பிரித்துப் பாருங்கள்: மாநிலத்துக்கு 4, நகரத்துக்கு 4.5, போக்குவரத்து மாவட்டத்துக்கு 0.375. குடியிருப்புக்கு வாங்கும் எரிபொருள் என்றால் முதலாவதும் கடைசியும் விலக்கு, நகரத்தின் 4.5% மட்டும் நிற்கும். 200 கேலன், கேலன் 4 டாலர் என்று வைத்தால் 800 டாலருக்கு 71 டாலர் வரி கட்டுகிறீர்கள், கட்ட வேண்டியது 36. பெரும்பாலும் நடந்தது இதுதான்: டீலரின் கணக்கில் உங்கள் முகவரி இன்னும் கடையாகவே இருக்கிறது. டிபி-385 (TP-385) என்ற குடியிருப்புச் சான்றுப் படிவத்தை நிரப்பிக் கொடுங்கள், அடுத்த பில்லிலிருந்து சரியாகிவிடும். நாளைக்குக் கீழே சின்னதாக ஒரு அலுவலகம் போட்டாலும் பயமில்லை, கட்டடத்தில் 75 சதவீதமோ அதற்கு மேலோ குடியிருப்பாக இருந்தால் முழுவதையும் குடியிருப்பாகவே எடுத்துக்கொள்வார்கள்.

ஆனால் டீலரிடம் சண்டைக்குப் போகுமுன் பில்லில் எந்தெந்தச் செலவுக்கு வரி போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். பாய்லர் சர்வீஸ் ஒப்பந்தமும் அதே பில்லில் வந்திருந்தால் அதற்கு முழு 8.875% சரியானதுதான், விலக்கு எண்ணெய்க்கு மட்டும், ரிப்பேருக்கு இல்லை.

மற்ற மாநிலங்களைக் கேட்டால் ஒவ்வொன்றும் ஒரு தினுசு. பென்சில்வேனியா, மாசசூசெட்ஸ், மெயின் எல்லாம் வீட்டு எரிபொருளை விட்டுவிடுகின்றன, நியூஹாம்ப்ஷயரில் விற்பனை வரியே கிடையாது. வெர்மான்டில் விற்பனை வரி உண்டு என்றாலும் வீட்டு எரிபொருளுக்கு அது இல்லை, ஆனால் கேலனுக்கு 2 சென்ட் எரிபொருள் வரி தனியாக உண்டு. நியூஜெர்சியில் ஆயிலுக்கு வரி இல்லை, குழாயில் வரும் நேச்சுரல் கேஸுக்கு 6.625% உண்டு, எனக்கு இதில் பெரிய நியாயம் தெரியவில்லை, சட்டம் அப்படி. மிச்சிகன் பொது விகிதமான 6-ஐ விட்டு 4% வாங்குகிறது, இண்டியானா தள்ளுபடி எதுவும் தராமல் 7% வாங்கிவிடுகிறது. மின்னசோட்டாவிலும் விஸ்கான்சினிலும் ஆயிலுக்கும் புரொபேனுக்கும் வருடம் முழுக்க விலக்கு, நேச்சுரல் கேஸுக்கு மட்டும் நவம்பர் முதல் ஏப்ரல் வரைதான். கென்டக்கியில் 2023 முதல் நிரந்தரமாகக் குடியிருக்கும் வீட்டுக்குத்தான் விலக்கு, இரண்டாவது வீடு வைத்திருப்பவர் அதற்கு 6% கட்ட வேண்டும்.

சரி, உங்கள் விஷயம். கூடுதலாகக் கட்டியதை முதலில் டீலரிடமே கேளுங்கள், படிவத்தோடு பழைய பில்களின் நகலும் கொடுங்கள். அவர் மறுத்தால் மாநில வரித்துறைக்கே நேரடியாக விண்ணப்பிக்கலாம், பொதுவாக 3 வருடம் வரை அவகாசம் உண்டு. ஆகவே பில்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.