‘உன்னால்தான்’ என்ற சொல்லை முதலில் நிறுத்துங்கள்

கேள்வி: தொடக்கநிலை ஒன்றில் படிக்கும் என் மகன் இரவில் திடீரென்று எழுந்து உட்கார்ந்து அலறுகிறான். கண் திறந்திருக்கும், ஆனால் என்னை அடையாளம் தெரியாது. காலையில் எதுவும் ஞாபகமில்லை என்கிறான். மாமியார் குறி சொல்பவர் ஒருவரை வீட்டுக்கே அழைத்து வந்தார். பையன்மேல் கெட்டது இருக்கிறது, அப்பாவுக்கு வேலை போனதும் அதனால்தான் என்று அவன் எதிரிலேயே சொல்லிவிட்டார். மூன்று வெள்ளிக்கிழமை பட்டினி போட்டு, நடுச்சாமத்தில் எழுப்பிப் பூசை செய்ய வேண்டுமாம். எப்படித் தடுப்பது?
– வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது தூக்கத் திகில் போலத்தான் இருக்கிறது. ஆழ்ந்த தூக்கத்திலிருந்து மூளை பாதி மட்டும் விழிக்கும்போது வருவது. பெரும்பாலும் படுத்த முதல் சில மணி நேரத்துக்குள் வரும். வளர வளரப் போய்விடும். தூக்கம் கெட்டாலோ மனம் கலங்கினாலோ கூடும். அப்படியென்றால் நடுச்சாமப் பூசை என்ன செய்யும்? அலறல் அதிகமாகும். “பாருங்கள், உள்ளே இருப்பது போக மாட்டேன் என்கிறது” என்பார் குறி சொல்பவர். அடுத்து வேப்பிலை, அப்புறம் பிரம்பு. முதல் நாளே யாரும் பிரம்பை எடுப்பதில்லை.

2000ஆம் ஆண்டு லண்டனில் இறந்த விக்டோரியா கிளிம்பியேவுக்கு 8 வயது. அந்தச் சிறுமியிடம் கெட்ட ஆவி இருப்பதாக ஒரு போதகர் நம்பினார், ஜெபம் செய்தால் சரியாகிவிடும் என்றார். வீட்டில் அவளை வளர்த்தவர்களே வதைத்துக்கொண்டிருந்தார்கள். பிரேதப் பரிசோதனையில் 128 காயங்கள்.

அடி விழாவிட்டாலும் ‘உன்னால்தான்’ என்ற சொல் வேலை செய்யும். ஏழு வயதுப் பிள்ளை, வீட்டில் நடக்கும் கெட்டதெல்லாம் தன்னால்தான் என்று எளிதில் நம்பிவிடும். இன்றே அவன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, “கம்பெனியில் ஆளைக் குறைத்தார்கள், அதற்கும் உனக்கும் சம்பந்தமே இல்லை” என்று சொல்லட்டும். ஒரு தடவை போதாது.

மாமியாரிடம் பேயே இல்லை என்று வாதாட வேண்டாம், ஜெயிக்க மாட்டீர்கள். திருநீறு பூசட்டும், உப்பு மிளகாய் சுற்றிப் போடட்டும். பட்டினி, அடி, தூக்கத்தைக் கெடுப்பது, ‘உன்னால்தான்’ என்ற பேச்சு, இவற்றுக்கு மட்டும் இடமில்லை. இதை நீங்கள் சொல்வதைவிட அவர் பெற்ற மகன் சொல்வதே சரி. சிறுவர், இளையர் சட்டத்தின்படி பிள்ளையின் மனதை வதைப்பதும் துன்புறுத்தல்தான். கை மீறிப் போனால் வன்முறைக்கு எதிரான தேசிய உதவி எண்ணான 1800-777-0000இல் 24 மணி நேரமும் பேசலாம். உடனடி ஆபத்து என்றால் போலீஸுக்கு 999.

அலறும்போது உலுக்கி எழுப்பாதீர்கள், விழுந்துவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும். கைப்பேசியில் படம் பிடித்து வையுங்கள். கை கால் வெட்டி இழுத்தாலோ நாக்கைக் கடித்துக்கொண்டாலோ வலிப்பாக இருக்கலாம். அதை டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். பலதுறை மருந்தகத்துக்குப் போகும்போது மாமியாரையும் கூட்டிப் போங்கள். அந்தப் படத்தை டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்து அவரும் பார்க்கட்டும்.