மூன்று மாதம் அவர் எதைச் சாப்பிடுவார்?

வணக்கம் ஐயா,

திருகோணமலை பேருந்து நிலையத்திலும் கடற்கரைப் பக்கமும் இரவில் படுத்துக் கிடப்பவர்களுக்கு நண்பர்கள் சிலர் சேர்ந்து ஒரு தொழிற்பயிற்சி நிலையம் தொடங்க இருக்கிறோம். மூன்று மாதம் தையலும் வயரிங்கும், முடிவில் சான்றிதழ். உங்கள் யோசனை என்ன?

ஒரு வாசகர், உப்புவெளி

அன்புள்ள தம்பி,

சான்றிதழை அப்புறம் பார்க்கலாம். அந்த மூன்று மாதமும் அவர் எதைச் சாப்பிடுவார்? இதற்குப் பதில் இல்லாவிட்டால் முதல் வாரம் பதினைந்து பேர் வருவார்கள். மூன்றாவது வாரம் ஆசிரியர் மட்டும் வருவார்.

பெர்னி கிளாஸ்மன் என்ற சென் பௌத்த குரு 1982இல் தொடங்கிய கிரேஸ்டன் பேக்கரி, நியூயோர்க்கை ஒட்டிய யோங்கர்ஸ் நகரில் இருக்கிறது. வேலை வேண்டியவர் பெயரை எழுதிவைத்துவிட்டுப் போவார். முறை வந்தால் வேலை. நேர்முகம் கிடையாது, வீடில்லாமல் இருந்தாரா சிறையில் இருந்தாரா என்ற விசாரணையும் கிடையாது. பழகும் காலத்திலேயே சம்பளம். இதெல்லாம் நடப்பதற்குக் காரணம் வெறும் நல்ல மனசு இல்லை. பென் அண்ட் ஜெரிஸ் ஐஸ்கிறீமுக்கு வேண்டிய பிரௌனி கேக் அங்கிருந்துதான் போகிறது. வாங்குபவர் நிரந்தரமாக இருக்கிறார்.

உங்களுக்கு யார் வாங்குவார்கள்? நானாக இருந்தால் சலவையில் தொடங்குவேன். உப்புவெளி, நிலாவெளி விடுதிகளில் மே முதல் செப்டெம்பர் வரை படுக்கை விரிப்புக்கும் துவாய்க்கும் குறைவில்லை. வெயிலுக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. ஐந்தாறு விடுதிகளிடம் வாக்கு வாங்கிவிட்டு அப்புறம் இயந்திரம் வாங்குங்கள். மாரி தொடங்கினால் ஆளும் வராது, துணியும் காயாது. அந்த மாதங்களுக்கு இடியப்பம் அவித்துக் கடைகளுக்குப் போடுவதுபோல இன்னொன்றையும் இப்போதே யோசித்து வையுங்கள். சீசனை மட்டும் நம்பினால் கார்த்திகையில் எல்லாரும் திரும்பவும் பேருந்து நிலையத்தில்தான்.

அங்கே படுக்கும் ஒருவரை எனக்குத் தெரியும். அடையாள அட்டையைப் பொலித்தீனில் சுற்றிச் சாரத்து மடிப்பில் செருகி வைத்திருப்பார். ஒரு மழை இரவில் அது தொலைந்தது. புதியது எடுக்கக் கிராம சேவகரின் உறுதிப்படுத்தல் வேண்டும். எந்தப் பிரிவு என்று கேட்டால் மனுஷன் என்ன சொல்வார்? ஆகவே உங்களில் ஒருவருக்கு இந்த அலைச்சல்தான் முழுநேர வேலையாக இருக்கும். (‘வேலை செய்ய மனமில்லாதவன்’ என்று இவர்களைத் தண்டிக்க வெள்ளைக்காரன் 1841இலேயே ஒரு கட்டளைச் சட்டம் எழுதினான். நம்மில் பலர் இன்றைக்கும் அந்தக் கண்ணால்தான் பார்க்கிறோம்.)

அவருக்கு ஒரு விடுதியில் கூட்டித் துடைக்கும் வேலை கிடைத்தது. வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்று நாளும் ஒரே சேட்டு, மணக்கிறதாம். குளிக்க இடமில்லாதவர் என்ன செய்வார்?

அதனால் இடம் பார்க்கும்போது குளியலறை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆளுக்கொரு பூட்டுப் போட்ட அலுமாரியும் வேண்டும். சலவை என்று நான் சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு: விடுதி விரிப்புகளோடு அவருடைய சேட்டும் தோய்ந்துவிடும்.