அமில மண்ணில் உருளைக்கிழங்குக்கு எந்த மணிச்சத்து உரம்?

கேள்வி: நீலகிரியில் ஒரு ஏக்கரில் கார்போக உருளைக்கிழங்கு நடப்போகிறோம். மண்ணின் பிஹெச் (புளிப்பைக் காட்டும் அளவு; குறையக் குறைய புளிப்பு அதிகம்) 4.8. சுண்ணாம்பும் போட இருக்கிறோம். பாறை பாஸ்பேட் விலை குறைவு, புளிப்பு மண்ணில் நன்றாகக் கரையும் என்கிறார்கள். மணிச்சத்துக்கு (பாஸ்பரஸ்) சூப்பர் பாஸ்பேட், டிஏபி (டை அம்மோனியம் பாஸ்பேட்) இல்லாமல் அதை மட்டும் போட்டால் போதுமா? கொஞ்சம் தேயிலையும் இருக்கிறது.

பதில்: உருளைக்குப் போதாது. பிஹெச் 5.5-க்குக் கீழே பாறை பாஸ்பேட் கரையும்தான், ஆனால் மாதக்கணக்கில். உருளையோ நான்கு மாதப் பயிர். வேர் பிடித்துக் கிழங்கு இறங்கும் காலத்தில்தான் அதற்கு மணிச்சத்து வேண்டும். பாறை பாஸ்பேட் மூட்டையில் 18 சதம் என்று அச்சிட்டிருப்பது மணிச்சத்தின் மொத்த அளவு. நீரில் கரைவது அதில் இல்லையென்றே சொல்லலாம். போதாக்குறைக்கு, நீங்கள் போடும் சுண்ணாம்பு புளிப்பைக் குறைக்கும்; பாறை பாஸ்பேட் கரைவதும் அதோடு நின்றுபோகும். இரண்டும் ஒரே பாத்திக்கு ஆகாது.

மலைப்பகுதி உருளைக்கு மணிச்சத்துப் பரிந்துரை எக்டருக்கு 240 கிலோ, ஏக்கருக்குச் சுமார் 96. இதை முழுக்க சூப்பரில் கொடுக்க 50 கிலோ மூட்டை 12 சுமக்க வேண்டும். முழுக்க டிஏபி என்றால் நான்கு மூட்டைதான். ஆனால் அடியுரத் தழைச்சத்து (நைட்ரஜன்) 24 கிலோ போதுமென்கிற இடத்தில் 36 கிலோ விழும், அதன் அம்மோனியம் மண்ணை மேலும் புளிக்க வைக்கும். ஆகவே சூப்பர் 6 மூட்டை, டிஏபி 2 மூட்டை, யூரியா 13 கிலோ. சூப்பரில் கந்தகமும் சுண்ணாம்புச் சத்தும் கூடவே கிடைக்கும்.

தூவி விடாதீர்கள். புளிப்பு மண்ணிலுள்ள இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சாலில் இட்டு, மேலே இரண்டு அங்குலம் மண் தள்ளி, அதன்மேல் விதைக்கிழங்கை வையுங்கள். டிஏபி கிழங்கில் பட்டால் முளை கருகும். சுண்ணாம்பை மூன்று, நான்கு வாரம் முன்பே போட்டு உழுதுவிட வேண்டும். சூப்பரோடு கலந்தால் கரையும் சத்து கட்டிப்போகும். பிஹெச் 5.5 வந்தால் போதும். 6-ஐத் தாண்டினால் கிழங்கில் சொறி வரும்.

பாறை பாஸ்பேட்டைத் தேயிலைக்கு வாங்குங்கள். நின்று வளரும் பயிர், அவசரமில்லை. மாவாக அரைத்ததாகப் பார்த்து, மண்ணுக்குள் போகும்படி இடுங்கள்.

வாங்குமுன் மண் அறிக்கையில் மணிச்சத்தை பிரே முறையில் (புளிப்பு மண்ணுக்கான சோதனை) பார்த்திருக்கிறார்களா என்று கேளுங்கள். ஓல்சன் முறை இந்த மண்ணுக்குச் சரிவராது. வருடா வருடம் உருளை போட்ட நிலமாக இருந்து 'அதிகம்' என்று வந்தால், மேலே சொன்ன மூட்டைக் கணக்கைக் குறைத்தே வாங்கலாம்.