மீன்தொட்டிப் பம்பில் ஒரு ஹொட் எயார் பேனா

"ஹொட் எயார் ஸ்டேஷன் வாங்க வசதியில்லை, வீட்டிலேயே மலிவாகச் செய்ய முடியுமா?" என்று கேட்டிருந்தீர்கள். சூடான காற்றை ஊதி ஈயத்தை உருக்கி, போர்டிலிருந்து பாகங்களைக் கழற்றுகிற கருவிதான் அது. முடியும். கல்லடியில் வீட்டு விறாந்தையில் ரேடியோ, சார்ஜர் திருத்துகிறேன். நான் செய்த ஒன்று நாலு வருடமாக மேசையில் வேலை செய்கிறது.

ரப்பர் குமிழ் வைத்த, ஈயத்தை உருக்கி உறிஞ்சும் 45 வாட் சோல்டரிங் அயன் ஒன்று தேடுங்கள். குமிழைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மீன்தொட்டிப் பம்பின் குழாயைச் சொருகினால் உறிஞ்சுகிற அயன் ஊதத் தொடங்கிவிடும். ஆனால் இத்தோடு விட்டால் வெதுவெதுப்பான காற்றுதான் வரும், ஏனென்றால் காற்று ஓட்டைக்குள்ளால் நேரே ஓடிவிடுகிறது, சூட்டைத் தொடுவதேயில்லை. பாத்திரம் தேய்க்கிற ஸ்டெயின்லெஸ் கம்பிச் சுருளில் கொஞ்சம் வெட்டி, முனைக்குள் சூடேறும் பகுதியில் தளர்வாக அடையுங்கள். இறுக்கி அடைத்தால் பம்ப் திணறும். சவர்க்காரம் ஊறிய இரும்புப் பஞ்சு வேண்டாம், புகைக்கும், துருப்பிடிக்கும். பம்போடு வருகிற பிளாஸ்டிக் குழாயும் அயன் பக்கத்தில் ஆகாது. எனக்கு முதல் நாளே இளகிக் கழன்று விழுந்தது, பிறகு சிலிக்கன் குழாய் போட்டேன்.

எல்லோரும் பெரிய பம்ப்தான் தேடுகிறார்கள், அது பிழை. நிமிடத்துக்கு 3 லீட்டர் காற்றை 300 பாகை சூடாக்க ஏறக்குறைய 18 வாட் போதும், 45 வாட் அயனால் அது முடியும். காற்றை இரண்டு மடங்காக்கினால் வாட்டும் இரண்டு மடங்கு வேண்டும், இல்லாவிட்டால் சூடு இறங்கிவிடும். கடை ஸ்டேஷன்கள் பல நூறு வாட் இழுப்பது இதனால்தான். குழாயில் ஒரு கிளிப் வைத்துக் காற்றைக் குறைத்துப் பாருங்கள். முனைக்கு அரை அங்குலத்தில் 63/37 ஈயக் கம்பியை (63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு ஈயம்) பிடித்து, அது உருண்டு சொட்டினால் காற்று 183 பாகையைத் தாண்டிவிட்டது, வேலைக்கு ரெடி. வழமையாக வரும் ஈயமில்லாத சோல்டர் 217 பாகைக்கு மேல்தான் இளகும். அந்தப் போர்டுகளில் முதலில் சாதாரண ஈயத்தைக் கலந்துவிட்டால் சுலபம்.

சின்ன ரெசிஸ்டர், எட்டுக் கால் ஐசி (சிப்) எல்லாம் பிளக்ஸ் (ஈயம் நன்றாக இளகி ஓடப் பூசும் பசை) போட்டுக் கழற்றலாம். போன் போர்டில் கால்களுக்குப் பதில் அடியில் ஈயக் குண்டுகள் வைத்த ஐசிகளுக்கு இது சரிவராது, போர்டைக் கெடுத்துவிடுவீர்கள். துளைக்குள் போகிற கால்களுக்குக் காற்றே வேண்டாம்: மருந்தேற்றுகிற, பாவிக்காத துளை ஊசியின் நுனியைத் தட்டையாக அராவி, ஈயம் உருகியதும் காலின் மேல் சொருகி மெல்லத் திருப்புங்கள், ஊசியில் ஈயம் ஒட்டாது, கால் தனியே நிற்கும். துளைக்குள் நுழைகிற பருமனில் ஊசி வேண்டும்.

230 வோல்ட் சாமான் இது, அயனின் உலோக உடம்புக்கு எர்த் கட்டாயம் கொடுங்கள். அப்புறம், எப்போதும் பம்பை முதலில் போட்டுப் பிறகு அயனைப் போடுங்கள். நிறுத்தும்போது அயனை அணைத்து இரண்டு நிமிடம் காற்று ஓடட்டும்.